அப்பா மாட்டிய பலகை

மதியம் மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அம்மா போன் செய்தாள். நான் வேலை செய்யும் மருந்துக் கடையில் கூட்டம். எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று ஒரு பெரியவருக்காக மாத்திரை உறைகளின் மேல் எழுதிக்கொண்டிருந்தேன்.

"உங்க அப்பா எழுந்திருக்க மாட்டேங்கிறார்" என்றாள்.

குரலில் பதற்றமே இல்லை. அப்பாவைப் பற்றி ஆயுள் முழுக்க அவள் புகார் சொல்லி வந்த அதே குரல்தான். குளிக்க மாட்டேங்கிறார், அழுக்குச் சட்டையைக் கழற்றிப் போட மாட்டேங்கிறார், எழுந்திருக்க மாட்டேங்கிறார். அதனால் நானும் வழக்கம்போல, "ஒரு நிமிஷம்னு சொல்லியிருப்பார், விடும்மா" என்றேன்.

"இல்லடி. அதைக்கூடச் சொல்லலை" என்றாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். 'ஒரு நிமிஷம்' என்பது கம்பெனியில் அவருக்கு வைத்த பட்டப்பெயர். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கு வழியாக அவர் சொல்லும் முதல் வார்த்தை அது. "ஒரு நிமிஷம், இதோ திறந்துடறேன்." அப்படி மாட்டிக்கொண்ட ஒரு வக்கீல், வெளியே வந்ததும் கைக்கடிகாரத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "உங்க நிமிஷம் முக்கால் மணி நேரம்" என்றாராம். அப்பா அசரவில்லை. "வேலை ஒரு நிமிஷம்தான் சார். என்ன வேலைன்னு யோசிக்கத்தான் மீதி நேரம்" என்று பதில் சொல்லிவிட்டு வந்து, அதை எங்களிடமும் பெருமையாகச் சொன்னார்.

வீட்டிலும் அதே நிமிஷம்தான். சாப்பாடு ஆறிப்போகும். அம்மா மூடி வைப்பாள், திறப்பாள், மறுபடி சுட வைப்பாள், கடைசியில் அவளே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாள். என் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அப்பா எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். மேடைத் திரையின் கயிறு கப்பியில் சிக்குவதைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனவர், விழா முடிந்துதான் வெளியே வந்தார். என் பாட்டுக்குத் திரை வெண்ணெயாய் வழுக்கித் திறந்தது. மற்ற அப்பாக்கள் தாமதமாக வந்து பிள்ளைகளின் பாட்டைத் தவறவிட்டார்கள். என் அப்பா நேரத்தோடு வந்து தவறவிட்டார்.

அவரோடு லிஃப்டில் போவதும் ஒரு தண்டனை. தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டே வருவார். "இது பிரேக் சத்தம். அது ரோலர். கேக்குதா?" நமக்கு ஒன்றும் கேட்காது. கூட வருபவர்களுக்கு மட்டும் முகம் வெளிறும்.

ஓய்வு பெற்ற இரண்டாவது வருஷம் மாடிப்படியில் நடுநடுவே நிற்க ஆரம்பித்தார். கேட்டால், சுவரில் பெயின்ட் உரிகிறது, பார்க்கிறேன் என்பார். அதே சுவரை அத்தனை நாள் பார்க்க என்ன இருக்கிறது என்று நான்தான் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். இதய மருத்துவர் என் வயதுப் பெண். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு வால்வு சரியாகத் திறக்கவில்லை, கதவு பாதியில் நிற்கிற மாதிரி என்று பொறுமையாக விளக்கினாள். கதவு என்ற சொல்லை அப்பாவிடம் அவள் சொல்லியிருக்கக் கூடாது.

"பாதி திறந்தாப் போதுமே டாக்டரம்மா. ஒருக்களிச்சு வெளிய வந்துடலாம்."

"ரத்தம் ஒருக்களிக்காது சார். வால்வை மாத்தணும்."

"எடுத்த எடுப்புல மாத்தறதா? முதல்ல சர்வீஸ் பண்ணிப் பாருங்க."

மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். ஒரு வருஷம், மிஞ்சினால் கொஞ்சம் கூட என்றாள். அப்பா எழுந்து நின்று, "உங்க ஆஸ்பத்திரி லிஃப்டுல கதவு ரொம்ப அடிச்சு மூடுது, வயசானவங்க வர்ற இடம், சொல்லி வைங்க" என்று அறிவுரை கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

அதன் பிறகு இரண்டு மாதம் வீட்டில் அதே பேச்சுதான். நான் கெஞ்சினேன், கத்தினேன், பேசாமல் இருந்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் சமையலறை ஜன்னல் வழியாகத் தெரியும் மலையைக் காட்டி, "அதோ, அதோட உச்சி வரைக்கும் ஏறிக் காட்டறேன். ஏறிட்டா ஆபரேஷன் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார்.

மலை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஊர் எல்லையில், பூங்காவுக்குள் இருக்கும் பெரிய குன்று அது. பாதை அகலமானது. கைக்குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். அதன் அடியிலேயே முப்பது வருஷம் குடியிருந்தும் அப்பா ஒரு நாளும் ஏறியதில்லை. வேலை நாட்களில் மாடி மாடியாக ஏறி இறங்குபவனுக்கு ஞாயிற்றுக்கிழமை எதற்கு மலை என்பார்.

"உட்காராம ஏறணும்" என்றேன். "எங்கயாவது உட்கார்ந்தீங்கன்னா மறுநாளே டாக்டருக்குப் போன் போட்டுத் தேதி வாங்குவேன்."

"சரி, உட்கார மாட்டேன்."

அம்மா பாத்திரம் துலக்குவதை நிறுத்தவேயில்லை. "ரெண்டும் ஒரே அச்சு. ரெண்டு பேரும் ஏறுங்க, ரெண்டு பேரும் உருளுங்க. நான் கதவைச் சாத்திட்டுத் தூங்கறேன்."

மருத்துவரிடம் தனியாகக் கேட்டேன். மெதுவாக நடக்கட்டும், மூச்சு முட்டினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும் என்றாள். "பாதி வழி தாண்ட மாட்டார். நேரா என்கிட்டதான் வருவார், பாருங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் ஒப்புக்கொண்டேன். அப்பா தோற்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இலையுதிர் காலத்தின் நடுப்பகுதி. பாதை தெரியாத அளவுக்கு இலை. மேலே இருந்தவை மஞ்சளாக, காய்ந்து, காலடியில் நொறுங்கின. அடியில் இருந்தவை கறுத்து அழுகி, சோப்புப் போல் வழுக்கின. காற்றில் ஈர மண் வாடை. நான் தண்ணீரும் ரொட்டியும் அவருடைய மாத்திரைகளும் எடுத்துக்கொண்டேன். அவர் முதுகுப்பையில் என்னவோ கலகலவென்று சத்தம்.

"அதுல என்னப்பா?"

"கொஞ்சம் சாமான்."

திறந்து பார்த்தேன். ஸ்பேனர் செட், இரண்டு ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர், ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி.

"மலைக்கு எதுக்கு ஸ்பேனர்?"

"மருந்துக்கடைக்கு எதுக்கு மாத்திரை?" என்றார். என்மேல் கோபமோ செல்லமோ வந்தால் அவருக்கு நான் 'மருந்துக்கடை'.

பத்து நிமிஷம்கூட நடந்திருக்க மாட்டோம். பாதையோரத்து மரப் பெஞ்சில் ஒரு சட்டம் ஆடியது. அப்பா அதன் முன்னால் மண்டியிட்டார்.

"உட்கார்ந்துட்டீங்க."

"முட்டி போட்டிருக்கேன். முட்டி போடறதும் உட்கார்றதும் ஒண்ணா? பள்ளிக்கூடத்துல வாத்தியார் முட்டி போடச் சொன்னா நாற்காலியா குடுத்தார்?"

சட்டத்தை முறுக்கி முடிக்கக் கால் மணி நேரம். எழுந்தபோது முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. அடுத்தது ஓடையின் மேல் மரப்பாலம், அதன் கைப்பிடியில் ஒரு நட். அடுத்தது, ஒரு வாலிபன் நீளத்தை மாற்றத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்த நடைக்கோல். அப்பா அதை அவன் கையிலிருந்து வாங்கிப் பிரித்து, எண்ணெய் விட்டு, லிஃப்ட் கயிறு எப்படி அறாமல் இருக்கிறது என்று ஒரு பிரசங்கமும் செய்து திருப்பிக் கொடுத்தார். அவன் நன்றி சொல்லித் தப்பி ஓடினான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெயின்ட் உரிகிற மாடிச் சுவர்தான் இதுவும். மூச்சு வாங்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு நட் கிடைத்துவிடுகிறது. ரிப்பேர் செய்பவரைப் பார்த்து இளைப்பாறுகிறீர்கள் என்று எந்தச் சட்டத்தில் சொல்வது? பந்தயத்தில் நான் விட்ட ஓட்டைக்குள் என் அப்பா ஸ்பேனரோடு நுழைந்து போய்க்கொண்டிருந்தார்.

"அப்பா, மூச்சு முட்டுதா? உண்மையைச் சொல்லுங்க."

"பேசிக்கிட்டே நடந்தா யாருக்குத்தான் முட்டாது? நீ பேசாம வா."

மதியத்துக்கு மேல் பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்தோம். வழிகாட்டும் பலகை கழன்று கீழே கிடந்தது. ஒரு முனை அம்பு போல் கூராக வெட்டிய பலகை. இரண்டு பக்கமும் 'உச்சி' என்று எழுதியிருந்தது. கம்பத்தில் துளை இருந்தது. துளையில் ஒரே ஒரு போல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் கண்கள் மின்னின. உச்சியைப் பார்த்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

"எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவீங்க?" என்றேன். "ரெண்டு பக்கமும் எழுத்து இருக்கு."

இடது பாதை இறங்கியது. வலது பாதை ஏறியது. அப்பா குனிந்து இரண்டையும் ஆராய்ந்தார். "இடதுதான். பார், எத்தனை பேர் நடந்து தேய்ஞ்சிருக்கு."

"அது கீழ இறங்குதுப்பா."

"மறுபக்கம் எடை கீழ இறங்கினாத்தான் பெட்டி மேல போகும். முப்பத்தஞ்சு வருஷம் அதைத்தான் பார்த்தேன்."

"இது லிஃப்ட் இல்லை, மலை. மேல போகணும்னா மேல போற வழியிலதான் போகணும்."

"மலைல ஏறினவன் மாதிரி பேசறே."

நானும் அன்றுதான் முதல் முறை. வழி பார்க்கப் போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. அவர் பலகையைத் தூக்கி இடது பக்கம் காட்டும்படி வைத்து, போல்ட்டை முறுக்கி, ஆட்டிப் பார்த்து, மறுபடி முறுக்கினார். பிறகு இரண்டடி பின்னால் போய்க் கண்ணை இடுக்கிப் பார்த்தார். மட்டம் கச்சிதமாக இருந்தது. வேலை என்று வந்தால் அதில் குறை சொல்ல முடியாது. திசை மட்டும்தான் தப்பு.

அரை மணி நேரத்துக்கும் மேல் இறங்கினோம். மரங்கள் விலகின. முன்னால் ஒரு ஏரி. கரையில் படகுகளைக் கவிழ்த்துப் போட்டுத் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். பூட்டிய ஐஸ்கிரீம் கடை. அதற்குப் பக்கத்தில் கார் நிறுத்துமிடம், பஸ் நிறுத்தம். எல்லோரும் நடந்து அந்தப் பாதை ஏன் தேய்ந்திருந்தது என்று புரிந்தது. அது வீட்டுக்குப் போகிற வழி.

அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "உச்சில ஏரி இருக்குன்னு யாரும் சொல்லலையே" என்றார்.

கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது என்பார்கள். இவர் மலையிலிருந்தே விழுந்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். "தோத்துட்டீங்க" என்றேன். "உட்காரலையே" என்றார். "உச்சிக்குப் போகலையே" என்றேன். "போன தூரம் அதே தூரம்தான். ஆட்டம் டிரா. அடுத்த வாரம் மறுபடி வரலாம்." எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இரண்டு மாதம் போராடி, இவ்வளவு தூரம் நடந்து, தோற்கவும் தெரியாத மனுஷனோடு ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது எங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இறங்கி வந்தது. புருஷன், பெண்டாட்டி இருவரும் ஒரே மாதிரி சிவப்பு ஜாக்கெட். அவர் முதுகில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, உச்சி எங்க? பலகை இப்படித்தானே காட்டுச்சு?" என்றார் அவர்.

"யாரோ வேலையத்தவன் திருப்பி வெச்சிருக்கான்" என்றாள் அந்தப் பெண். "இவ்வளவு தூரம் பிள்ளையைத் தூக்கிட்டு வந்தோம். அவன் கை விளங்குமா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். நழுவ அவருக்கு நூறு வழி இருந்தது.

"நான்தாம்மா அந்த வேலையத்தவன்" என்றார் அப்பா.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா முதுகுப்பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டு, வந்த பாதையில் திரும்பி ஏற ஆரம்பித்தார்.

"எங்க போறீங்க? பஸ் இங்கேதான் நிக்குது!"

"பலகையைத் திருப்பணும். இன்னும் ஆள் வருவாங்க. பொழுது சீக்கிரம் சாயற காலம்."

"பூங்கா ஆபீஸுக்குப் போன் பண்ணிச் சொல்லிக்கலாம்பா."

"நான் மாட்டினதை நான்தான் கழட்டணும்."

பின்னாலேயே ஓடினேன். கத்திக்கொண்டே ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் திரும்பவில்லை. வழியில் ஒரு வேலிக் கம்பி அறுந்து தொங்கியது. அவர் அதைப் பார்க்கவில்லை. மரப்படி ஒன்றை இறுக்கிய இரும்புப் பட்டை கழன்று நீட்டிக்கொண்டிருந்தது. காலில் தட்டியும் நிற்கவில்லை. அன்று முழுவதும் எதையாவது சாக்கு வைத்து நின்றவர் இப்போது எதற்குமே நிற்காமல் ஏறியதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது.

திருப்பம் ஒன்றில் மரத்தைப் பிடித்தார். பிறகு மரத்தை விட்டார். பக்கத்திலேயே நல்ல பாறை இருந்தது. அதுவரைகூடப் போகாமல் பாதை நடுவில் ஈர இலைகளின் மேல் அப்படியே உட்கார்ந்தார். உதடு நீலமாக இருந்தது. நான் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தேன்.

"உட்கார்ந்துட்டேன்" என்றார்.

"பார்த்தேன்."

"நல்லாப் பார்த்துக்கோ. அப்புறம் முட்டி போட்டேன்னு சாதிப்பேன், விட்டுடாதே." மூச்சு வாங்கிக்கொண்டார். "டாக்டரம்மாகிட்ட தேதி வாங்கு."

"சரிப்பா."

"பலகைக்கு நீ போயிட்டு வந்துடு. பதிமூணாம் நம்பர் ஸ்பேனர். ஒரு நிமிஷ வேலை."

"உங்க நிமிஷம் எனக்குத் தெரியும். உங்களை விட்டுட்டு நான் எங்கயும் போகலை."

"பிடிவாதம்."

"யார்கிட்டேர்ந்து வந்தது?"

"உங்க அம்மாகிட்டேர்ந்து" என்றார் சற்றும் கூசாமல்.

சிவப்பு ஜாக்கெட்காரர் குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு எங்களைத் தேடி ஏறி வந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம். மலையின் அந்தப் பக்கத்து அடிவாரத்தில் விட்டிருந்த தன் காரை அவர் பஸ் பிடித்துப் போய் எடுத்து வந்தார். காரில் ஏற்றும்போது, "மெதுவா ஏறுங்க, பலகை சார்" என்றார். வீடு வரும்வரை அப்பா, காரின் ஜன்னல் கண்ணாடி ஏறும்போது வரும் சத்தத்தைப் பற்றி அவரிடம் பேசிக்கொண்டே வந்தார்.

குளிர்காலத்தில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக நடந்தது. கண் திறந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, எடுத்த வால்வு எங்கே என்பது. மாற்றிய பார்ட்டைக் கஸ்டமரிடம் காட்ட வேண்டும், அதுதான் தொழில்முறை என்று வாதாடினார். மருத்துவர் கடைசியில் போனில் ஒரு படத்தைக் காட்டி வாயை அடைத்தாள். அதையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ரொம்பத்தான் தேய்ஞ்சிருக்கு, முன்னாடியே மாத்தியிருக்கணும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தையலை நானே பிரித்திருப்பேன்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு முழுக்கப் பலகைதான். கோடையில் எங்கள் கடைக்கு ஒருவர் முட்டிக்குத் தைலம் வாங்க வந்தார். உச்சிக்குப் போகிறேன் என்று கிளம்பி ஏரியில் போய் நின்ற கதையைச் சொல்லிப் பலகை வைத்தவனைத் திட்டித் தீர்த்தார். அதை வீட்டில் சொன்னது வினையாயிற்று. அப்பா அன்று சாப்பிடவில்லை. நான் பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பார்க்கிறோம் என்றார்கள். இரண்டாம் முறை செய்தபோது அப்பா போனைப் பிடுங்கி, "நீங்க ஒண்ணும் பார்க்க வேண்டாம் சார், நானே வரேன்" என்று வைத்துவிட்டார்.

மருத்துவர் இலையுதிர் காலம் வரை பொறுங்கள் என்றாள். பொறுத்தார் என்று சொல்ல மாட்டேன், நச்சரித்துக்கொண்டே காத்திருந்தார். தினமும் மாடிப்படி ஏறி இறங்கினார். இந்த முறை எங்கும் நிற்கவில்லை. பெயின்ட் உரிந்த சுவரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று அம்மா போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்புவது என்று முடிவாயிற்று. முதலில் பலகை, அப்புறம் உச்சி. பந்தயம் எதுவும் கிடையாது, எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம் என்று நான் சொன்னேன். "உட்கார்றவங்க உட்காருங்க" என்றார்.

வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். இதய மருத்துவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, வால்வு கடைசி வரை அருமையாக வேலை செய்தது என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அங்கேயே அப்பாவின் குரல் கேட்டது: மாத்தின பார்ட் ஒரு நாளும் கெடாது, பக்கத்துல இருக்கறதுதான் போகும். உலகத்தில் எதைச் சொன்னாலும் அதற்கு லிஃப்டில் ஒரு பதில் வைத்திருந்த மனுஷனை வைத்துக்கொண்டு நிம்மதியாக அழக்கூட முடியவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இருந்திருக்கலாம்" என்றாள் அம்மா, மறுபடி அந்தப் புகார்க் குரலில். "எதையாவது முழுசா முடிச்சுட்டு எழுந்ததுண்டா இந்த மனுஷன்?"

அதற்கு முந்தின நாள், புதன்கிழமை, நான் கடையில் இருக்கும்போது அப்பா என்னைப் போனில் கூப்பிட்டுச் சாமான் சொல்லியிருந்தார். பழைய போல்ட் ஆகாது, துருப்பிடிக்காத போல்ட் ரெண்டு, நட் ரெண்டு, ஸ்பிரிங் வாஷர் ரெண்டு. சாதா வாஷரை வாங்கிக்கொண்டு வந்துவிடாதே, ஸ்பிரிங் இருந்தால்தான் நட் இறுகி நிற்கும், காற்றில் ஆடி ஆடித்தான் முதலில் கழன்றிருக்கிறது என்று இரண்டு முறை சொன்னார். வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்று நான் மூன்று முறை சொன்ன பிறகுதான் போனை வைத்தார். சாயங்காலமே ஹார்டுவேர் கடைக்குப் போனேன். போல்ட்டும் நட்டும் வாங்கினேன். அந்த அளவில் ஸ்பிரிங் வாஷர் தீர்ந்துவிட்டது, வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர். நான் இன்னும் போகவில்லை.